உறவு எழுதியிருந்த இடம்: டிபேஸ் காலத்துத் தரவுத்தளங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் மும்பை சயான் பகுதியில் தமிழர்கள் நடத்தும் சிறிய கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றிலிருந்து என்னிடம் ஒரு பென் டிரைவ் வந்தது. அதில் 46 கோப்புகள் இருந்தன. பாதிக்கு மேல் டிபிஎஃப் என்ற பின்னொட்டு கொண்ட தரவுக் கோப்புகள். மற்றவை, பதிவுகளை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்புகளும் நிரல் கோப்புகளும். 1990களின் முற்பாதியில் யாரோ ஒருவர் டிபேஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிக் கொடுத்த கணக்கு அது. அதை ஓட்டிக்கொண்டிருந்த பழைய கணினி ஒருநாள் நின்றுவிட்டது. புதிதாக வாங்கிய 64 பிட் விண்டோஸ் கணினியில் 16 பிட் டாஸ் நிரல் நேரடியாக ஓடாது. உறுப்பினர் பட்டியல், கடன் பேரேடு, தவணை வரவு எல்லாவற்றையும் லிப்ரே ஆபீஸில் பத்து நிமிடத்தில் திறந்து காட்டியதும், செயலாளராக இருந்த நெல்லைக்கார அண்ணாச்சி, "அப்போ சோலி முடிஞ்சுட்டுல்லா தம்பி?" என்று மகிழ்ந்துபோனார். எந்தக் கடனுக்கு யார் ஜாமீன் நின்றார் என்பதைக் கண்டுபிடிக்க அதன்பின் மூன்று வாரம் ஆயிற்று.

கோப்பைத் திறப்பதற்கும் கணக்கைப் புரிந்துகொள்வதற்கும் இடையே இவ்வளவு தூரம் ஏன் என்பது விளங்க, தரவுத்தளங்களுக்கு அடைமொழியான 'ரிலேஷனல்' என்ற சொல் தனிநபர் கணினிக்கு வந்து சேர்ந்த வழியைச் சற்றுப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970 ஜூனில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தரவு வட்டில் எந்த வரிசையில் கிடக்கிறது, அதற்கு எந்த இண்டெக்ஸ் உண்டு, எந்தப் பாதை வழியாக அதை எட்ட வேண்டும் என்ற மூன்றையும் சார்ந்து நிரல்கள் எழுதப்படுவதே அன்றைய அமைப்புகளின் நோய் என்று வாதிட்டார். வரிசைச் சார்பு, இண்டெக்ஸ் சார்பு, பாதைச் சார்பு என்று மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு விளக்கினார். அவர் முன்வைத்த மாற்றில் தரவு முழுவதும் அட்டவணைகளில் மதிப்புகளாக மட்டுமே இருக்கும். ஓர் அட்டவணையின் வரி இன்னோர் அட்டவணையின் வரியைச் சுட்ட வேண்டுமானால் அதிலுள்ள மதிப்பைக் கொண்டு சுட்டுமே தவிர, அது கிடக்கும் இடத்தைக் கொண்டு சுட்டாது. கணிதத்தில் 'ரிலேஷன்' என்பது அத்தகைய அட்டவணை ஒன்றையே குறிக்கும். இரண்டு அட்டவணைகளைக் கட்டும் கயிற்றுக்கு அந்தப் பெயர் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதை 'உறவுமுறைத் தரவுத்தளம்' என்று மொழிபெயர்த்ததும் அந்தத் தவறான எண்ணத்துக்கு உரம் போட்டுவிட்டது.

இந்தக் கொள்கை பெருங்கணினிகளில் மெல்ல வேரூன்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதனோடு பெரிதாகத் தொடர்பில்லாத ஒரு வேலை கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த வேய்ன் ராட்லிஃப், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் மீது அலுவலகத்தில் கட்டும் பந்தயத்தில் எந்த அணி வெல்லும் என்று கணிப்பதற்காக, தம்மிடமிருந்த ஐஎம்எஸ்ஏஐ 8080 என்ற சிறுகணினியில் ஒரு தரவு நிரலை எழுதத் தொடங்கினார். ஆய்வகத்தின் யூனிவாக் பெருங்கணினியில் ஓடிய ஜேபிஎல்டிஐஎஸ் என்ற நிரல் அவருக்கு முன்மாதிரி. வல்கன் என்று பெயரிட்டு அவர் தனியாக விற்றுப் பார்த்ததை, ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இரு வணிகர்கள் எடுத்து, டிபேஸ் டூ என்ற பெயரில் 1980களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். டிபேஸ் ஒன் என்று ஒன்று வந்ததே இல்லை. 'இரண்டு' என்றால் முதற்பதிப்பின் குறைகள் களையப்பட்டது என்று வாங்குபவர் நம்புவார் என்பது விளம்பரக் கணக்கு. நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். ஆஷ்டன் என்று ஒருவரும் அங்கே இல்லை.

டிபேஸ் டூ ஒரு பதிவில், அதாவது அட்டவணையின் ஒரு வரியில், 32 புலங்களையும் (பெயர், தொகை போன்ற பத்திகளையும்), ஒரு கோப்பில் 65,535 பதிவுகளையும் தாங்கியது. ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளை மட்டுமே திறந்து வைத்துக்கொள்ளலாம். 1984இல் வந்த டிபேஸ் த்ரீ அவற்றை 128 புலங்கள், பத்துக் கோப்புகள் என்று உயர்த்தியது. நம் ஊரில் பெரும்பாலோர் கற்றது அதன் அடுத்த பதிப்பான த்ரீ பிளஸைத்தான். 1984 நவம்பரில் மத்திய அரசு கணினிக் கொள்கையைத் தளர்த்திய பிறகு ஃபோர்ட், நரிமன் பாயிண்ட் அலுவலகங்களில் கணினிகள் நுழைந்தன; மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அந்த அலுவலகங்களுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அடுத்தபடியாகக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தார்கள். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற மூன்றும் அன்று ஒரே மூச்சில் சொல்லப்பட்ட பெயர்கள். நிரல் எழுதத் தொடங்கினால் முதல் வரி 'செட் டாக் ஆஃப்', அடுத்த வரி 'செட் டேட் பிரிட்டிஷ்'. பிந்தையதை எழுதாவிட்டால் மாதம் முன்னாலும் தேதி பின்னாலுமாக அமெரிக்க முறையில் நின்றுவிடும் என்பதால், சுதந்திரம் அடைந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கட்டளையை நாங்கள் பயபக்தியோடு தட்டிக்கொண்டிருந்தோம்.

திரையில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும். கட்டளையை அதன் பக்கத்தில் தட்ட வேண்டும். 'யூஸ்' என்றால் கோப்பு திறக்கும், 'லிஸ்ட்' என்றால் வரிகள் ஓடும், 'அப்பெண்ட்' என்றால் புதிய வரி பிறக்கும். எந்த நேரத்திலும் கோப்பின் ஏதாவது ஒரு பதிவின் மேல் ஒரு சுட்டி நிற்கும். 'ஸ்கிப்' அதை அடுத்த பதிவுக்கு நகர்த்தும், 'கோட்டூ' சொன்ன எண்ணுக்குத் தாவும், 'ஸீக்' இண்டெக்ஸில் தேடி உரிய பதிவில் கொண்டுபோய் நிறுத்தும். பேரேட்டில் வரிவரியாக விரல் வைத்துப் பார்க்கும் கணக்குப்பிள்ளையின் விரல்தான் அந்தச் சுட்டி. என் கணிப்பில் டிபேஸ் அடைந்த வெற்றியின் பெரும்பங்கு இதற்கே உரியது. ரிலேஷனல் தரவுத்தளங்களைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் 'இன்ன தகுதியுள்ள வரிகள் அனைத்தையும் கொடு' என்று தொகுதியாகக் கேட்கப் பழக வேண்டும்; டிபேஸில் ஏற்கெனவே கைவந்த வேலையை அதே நடையில் செய்தால் போதும். பட்டதாரி அல்லாத ஒருவர் மூன்று மாதத்தில் ஒரு கடையின் சரக்கிருப்பை அதில் எழுதிவிட முடிந்தது பொய்யல்ல.

ஆனால் பெட்டியின் மேல் 'ரிலேஷனல்' என்றுதான் அச்சிட்டு விற்றார்கள். அந்தச் சொல்லை ஒட்டாத சரக்கே இல்லை என்ற நிலை பெருங்கணினிச் சந்தையிலும் வந்தபோது, காட் 1985இல் ஒரு கணினி வார இதழில் எந்தத் தரவுத்தளத்தை அப்படி அழைக்கலாம் என்பதற்கு விதிகளை வகுத்தார். பன்னிரண்டு விதிகள் என்று பெயர். பூஜ்யத்திலிருந்து எண்ணியதால் உண்மையில் 13. எந்த ஒரு மதிப்பையும் அட்டவணைப் பெயர், புலத்தின் பெயர், வரியின் அடையாள மதிப்பு ஆகிய மூன்றைக் கொண்டே எட்ட முடிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மதிப்பே இல்லாத நிலையைப் பூஜ்யத்திலிருந்தும் வெற்றிடத்திலிருந்தும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. பதிவு பதிவாக வேலை செய்யும் கீழ்நிலை மொழி ஒன்று இருந்தால், அது தரவின் ஒழுங்கு விதிகளை மீறப் பின்கதவாக அமையக் கூடாது என்பது இன்னொன்று. டிபேஸில் அந்தப் பின்கதவுதான் வாசல். ஒழுங்கு விதிகளைக் கோப்பில் எழுதிவைக்கவே இடமில்லை. ஒரே உறுப்பினர் எண்ணை இருவருக்குக் கொடுத்தாலும், இல்லாத உறுப்பினருக்குக் கடன் எழுதினாலும் கோப்பு வாய் திறக்காது.

அட்டவணைகளை இணைக்க அதிலிருந்தது 'செட் ரிலேஷன்' என்ற கட்டளை. கடன் கோப்பை ஒரு பணியிடத்திலும் (ஒரு கோப்பைத் திறந்து வைக்க நிரல் ஒதுக்கும் இடம்), உறுப்பினர் எண்ணின்படி இண்டெக்ஸ் செய்த உறுப்பினர் கோப்பை இன்னொரு பணியிடத்திலும் திறந்து, இரண்டையும் அந்த எண்ணால் பிணைத்துவிட்டால், கடன் கோப்பில் சுட்டி நகரும்போதெல்லாம் உறுப்பினர் கோப்பின் சுட்டியும் உரியவரிடம் போய் நிற்கும். பொருந்தும் பதிவு இல்லாவிட்டால் அது கோப்பின் கடைசிக்கு அப்பால் போய் நின்று, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளியைக் காட்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இந்தப் பிணைப்பு நிரல் ஓடும்வரைதான். நிரலை மூடினால் இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று அறியாதவை. பிணைப்பு எழுதியிருந்த இடம் நிரல், கோப்பு அல்ல. எனக்கு வந்த பென் டிரைவில் தரவுக் கோப்புகள் மட்டும் இருந்து நிரல்கள் இல்லாமல் போயிருந்தால், இக்கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது, கைவிரித்திருப்பேன்.

டிபிஎஃப் கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்து பார்ப்பது இன்றும் எனக்குப் பிடித்த வேலை. தலைப்பகுதியின் முதல் பைட் கோப்பின் வகையைச் சொல்லும்; அடுத்த மூன்று பைட்கள் கடைசியாக மாற்றிய தேதி; அதற்கடுத்த நான்கு, மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை. 32 பைட்கள் முடிந்ததும் ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட் வீதம் பெயர், வகை, அகலம் ஆகியவை வரும். பெயருக்கு அதிகபட்சம் பத்து எழுத்து. 13 என்ற பைட்டோடு தலைப்பகுதி முடிகிறது. அதன்பின் பதிவுகள், எல்லாம் ஒரே நீளத்தில், பெரும்பாலும் வெறும் எழுத்துகளாகவே நிற்கும்: எண்கூட எழுத்தாகத்தான் எழுதப்பட்டிருக்கும், தேதி ஆண்டு மாதம் நாள் என்று எட்டு இலக்கமாக இருக்கும். எண் புலத்தின் அகலத்தில் தசமப் புள்ளியும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அகலம் 8, தசமம் 2 என்று வைத்துவிட்ட சங்கத்தில் பைசாவோடு எழுதக்கூடிய உச்சத் தொகை 99999.99, இலட்சத்துக்கு ஒரு பைசா குறைவு. 1992இல் அதை எழுதியவர், இந்தச் சங்கம் ஒருவருக்கு ஒரு இலட்சம் கடன் கொடுக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு பதிவின் முதல் பைட்டும் அழிப்புக் குறி. உயிரோடிருக்கும் பதிவுக்கு அது இடைவெளி, அதாவது 32. 'டெலீட்' செய்த பதிவுக்கு நட்சத்திரக் குறி, அதாவது 42. குறி இட்ட பதிவு கோப்பிலேயே இருக்கும், 'ரீகால்' என்றால் மீண்டு வரும். 'பேக்' என்ற கட்டளை கொடுத்தால்தான் நட்சத்திரப் பதிவுகள் உண்மையில் போகும். அவற்றுக்குக் கீழிருந்தவை ஒவ்வொன்றும் மேலேறிப் புதிய வரிசை எண் பெறும்.

இந்த எளிமையால் விளைந்த நன்மைகள் பல. சேமித்து மூடுவதற்குள் கணினி நின்றுவிட்டால் தலைப்பகுதியின் எண்ணிக்கை பழையதாகவே இருந்து, கடைசியாக எழுதிய பதிவுகள் காணாமல் போனதுபோல் தோன்றும். அந்த நான்கு பைட்களைத் திருத்தினால் அவை திரும்பி வந்துவிடும். மும்பையில் மின்வெட்டு அபூர்வம் என்று நாம் பெருமை பேசினாலும், கூட்ட வருபவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளக்குமாற்றை எடுத்த அலுவலகங்களில் இந்த வைத்தியத்தை நான் பலமுறை செய்திருக்கிறேன். இதே எளிமையால்தான் புவித்தகவல் துறையின் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவம், தன் விவரப் பட்டியலை டிபிஎஃப் ஆகவே வைத்துக்கொண்டது. இன்று ஒரு வார்டு எல்லை வரைபடத்தை அந்த வடிவில் சேமிக்கும் இளைஞர், புலத்தின் பெயர் பத்து எழுத்தில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்து எரிச்சலடைகிறாரே, அது டிபேஸ் காலத்து அளவு.

தீமையும் அங்கிருந்தே வந்தது. பதிவுகள் ஒரே நீளத்தில் இருப்பதால் எந்தப் பதிவு வட்டில் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு பெருக்கலில் சொல்லிவிடலாம். அந்தச் சங்கத்தின் உறுப்பினர் கோப்பில் 14 புலங்கள், பதிவின் நீளம் 180 பைட். தலைப்பகுதி 481 பைட். எனவே 212ஆவது பதிவு 38,461 பைட்களைத் தாண்டியதும் தொடங்கும். 'கோட்டூ 212' என்றால் நிரல் நேரே அங்கே போய்விடும், இண்டெக்ஸைத் தொட வேண்டியதே இல்லை. மெதுவான வட்டும் 286 கணினியும் இருந்த காலத்தில் இது பெரிய மிச்சம். கடன் பத்திரம் அச்சிடும் நிரலைத் திறந்து படித்தபோது நான் கண்ட வரி அதுதான்: உறுப்பினர் கோப்பைத் தேர்ந்தெடு, ஜாமீன் புலத்திலுள்ள எண்ணுக்குக் கோட்டூ. ஜாமீன்தாரரின் உறுப்பினர் எண்ணை எழுதாமல், அவர் பதிவு கோப்பில் எத்தனையாவதாகக் கிடந்தது என்ற எண்ணை எழுதிவைத்திருந்தார் அந்த நிரலாளர். காட் 1970இல் வரிசைச் சார்பு என்று பெயரிட்ட நோய் சயானில் ஒரு மாடிப்படிக்குக் கீழ் அறையில் பதினைந்து ஆண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு 'பேக்'குக்குப் பிறகும் பழைய கடன்களின் ஜாமீன் பக்கத்து ஆளிடம் நழுவியிருக்கிறது.

பெயரைக் கொண்டு சரிபார்க்கலாமே என்று அண்ணாச்சி கேட்டார். தமிழ்ப் பெயர்களில் அது நடக்காத காரியம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டாயப் புலம் இருந்ததால், ஒருவர் அப்பா பெயரையும், ஒருவர் சாதிப் பெயரையும், ஒருவர் ஊர்ப் பெயரையும் அதில் நிரப்பியிருந்தார்கள். முருகன்கள் மட்டும் பதினொரு பேர். ஆங்கில எழுத்தில் மூன்று விதம். தலைப்பெழுத்து சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். இப்படிப்பட்ட பட்டியலைக் கையாண்ட யாருக்கும் அடையாள எண்ணின் அவசியத்தைக் கொள்கை விளக்கிப் புரியவைக்க வேண்டியதில்லை.

போட்டியாளர்கள் இதைவிடத் தேவலை என்றே சொல்ல வேண்டும். நாசா திட்டம் ஒன்றுக்காக போயிங் உருவாக்கிய ஆர்ஐஎம் என்ற அமைப்பின் வழிவந்த ஆர்பேஸ், காட்டின் கொள்கைக்கு மிக நெருக்கமாக நின்றது. 1985இல் ஆன்சா நிறுவனம் வெளியிட்டு, 1987இல் போர்லாண்ட் வாங்கிய பாரடாக்ஸ், அட்டவணைக்கு அடையாளப் புலத்தை வகுக்க விட்டதோடு, வெற்று அட்டவணையில் உதாரணத்தை நிரப்பிக் கேள்வி கேட்கும் முறையையும் கொண்டுவந்தது. நம் ஊரில் இரண்டும் அதிகம் பரவவில்லை. புத்தகமும் வாத்தியாரும் நகலெடுத்த ஃபிளாப்பியும் கிடைத்தது டிபேஸ் குடும்பத்துக்குத்தான்.

அந்தக் குடும்பத்துக்குள்ளேயே தாயைப் பிள்ளைகள் வென்றன. 1985இல் வந்த நாண்டக்கெட் நிறுவனத்தின் கிளிப்பர், நிரலைத் தனித்து ஓடும் கோப்பாக மாற்றிக் கொடுத்ததால், எழுதி விற்பவர்களின் கருவியானது. ஒஹையோ மாநிலத்து ஃபாக்ஸ் நிறுவனம் அதே மொழியை அதைவிட வேகமாக ஓட்டிக் காட்டியது. 1988இல் எஸ்க்யூஎல் வசதியோடு வந்த டிபேஸ் ஃபோர் பிழைகள் மலிந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஃபாக்ஸ் மீது ஆஷ்டன்-டேட் தொடுத்த வழக்கில், ஜேபிஎல்டிஐஎஸ் மூலத்தை மறைத்ததால் டிபேஸின் பதிப்புரிமையே செல்லாது என்று 1990 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார்; சில மாதங்களில் அதை அவரே திரும்பப் பெற்றாலும், 1991இல் நிறுவனம் போர்லாண்டிடம் போய்விட்டது. அதே ஆண்டு வந்த ஃபாக்ஸ்ப்ரோ 2.0இல் இருந்த ரஷ்மோர் என்ற உத்தி, பொருத்தமான இண்டெக்ஸ் இருந்தால் பதிவுகளைப் படிக்காமலே விடையின் பெரும்பகுதியைக் கணித்துவிடும். அந்த வேகத்தைக் கண்ட மைக்ரோசாஃப்ட் 1992இல் ஃபாக்ஸை வாங்கியது; அந்த ஆண்டு நவம்பரிலேயே ஆக்சஸ் என்ற தன் சொந்தச் சரக்கையும் இறக்கியது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 2004இல் ஒன்பதாம் பதிப்போடு நின்றது; பத்து வராது என்று 2007இல் அறிவித்தார்கள்.

சங்கத்தின் கதைக்கு வருகிறேன். உறுப்பினர் எண்கள் ஒன்றிலிருந்து தொடர்ச்சியாகக் கொடுக்கப்பட்டவை. எனவே பட்டியலில் விடுபட்டிருந்த எண்கள் எல்லாம் அழிக்கப்பட்டவர்கள். இன்றைய கோப்பில் 212ஆவது வரியில் இருப்பவர் 219ஆம் எண் உறுப்பினர். அதாவது அவருக்கு மேலே ஏழு பேர் போயிருக்கிறார்கள். ஆனால் 2003இல் எழுதிய ஒரு கடனில் ஜாமீன் 212 என்று இருந்தால், அன்றுவரை ஏழு பேரும் போயிருந்தார்களா என்பதுதான் கேள்வி. பீரோவிலிருந்த பழைய கடன் பத்திரங்களில் ஜாமீன்தாரர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அவற்றைக் கடன் கோப்போடு ஒப்பிட்டபோது, ஆண்டுத் தணிக்கை முடிந்த கையோடு மூன்று ஏப்ரல்களில் 'பேக்' நடந்திருப்பது தெரிந்தது: 1996, 2001, 2007. முதல் இரண்டிலும் சேர்த்து மூன்று பேர், கடைசியில் நான்கு பேர். ஆக, 2003ஆம் ஆண்டுக் கடனின் 212 என்பது 215ஆம் எண் உறுப்பினர். இந்தக் கணக்கைக் கடன் தேதி வாரியாக ஓட்டி, எல்லா ஜாமீன்களையும் உறுப்பினர் எண்களாக மாற்றினேன்.

நான்கு கடன்கள் மட்டும் நின்றுவிட்டன. 1996 ஏப்ரலில் 'பேக்' நடந்த அதே வாரத்தில் எழுதியவை அவை. அதற்கு முன்னா பின்னா என்று தேதியைக் கொண்டு சொல்ல முடியவில்லை. அவற்றின் பத்திரங்கள் பீரோவின் அடித்தட்டில் இருந்தவை. 2005 ஜூலை 26 வெள்ளத்தில் கூழாகிப் போயின. புதிய தரவுத்தளத்தில் அந்த நான்கு வரிகளின் ஜாமீன் புலத்தையும் மதிப்பே இல்லாததாக, 'நல்' என்று விட்டிருக்கிறேன். பழைய ஃபாக்ஸ்ப்ரோவில் அதற்கு வழியில்லை. அங்கே அது பூஜ்யம் என்றுதான் படிக்கப்பட்டிருக்கும்.